ஆர்கன் வாசித்த கிட்டார்

ராஜதுரை குழுவை விட்டுப் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது வெற்றிச்செல்வி பெரம்பலூரில், தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், அழுகிற குழந்தை ஒன்றுக்கு விரலில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். மேசைமேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. குழந்தையையும் தாயையும் அனுப்பிவிட்டுத் திரும்ப அழைத்தாள்.

"செல்வி, மோசம் போயிட்டோம்" என்றார் ராசாங்கம். "ராஜதுரை கெளம்பிட்டான். மெட்ராஸ்ல ஏதோ டிவிக்காரங்க நிரந்தரமா கூப்புட்டுட்டாங்களாம். கீபோர்ட தூக்கிக்கிட்டு காலைலயே பஸ் ஏறிட்டான்."

ராசாங்கம் ஜெயங்கொண்டத்தில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். பழைய பாட்டுகளைப் பாடுவதில் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவருக்குப் பெயர் உண்டு. வெற்றிச்செல்வி அவர் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். ராஜதுரை கீபோர்டு. வயலினா, புல்லாங்குழலா, ஆர்கனா, எது வேண்டுமோ அதைத் தன் இரண்டு கையால் வரவழைத்துவிடுவான். அவன் இல்லாத குழு அடுப்பில்லாத சமையல்கட்டு மாதிரிதான்.

"ஆடி ரெண்டாம் வெள்ளிக்குக் கச்சேரி ஒத்துக்கிட்டிருக்கோமேண்ணே!"

"அதான் சொல்றேன், மோசம் போயிட்டோம்னு."

அந்தக் கச்சேரி தா.பழூர் பக்கத்தில் ஒரு கிராமத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு. போன வருஷம் அங்கே வேறொரு குழு வந்திருந்தது. வயலின்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதும் வயலின் சத்தம் நிற்காமல் கேட்டிருக்கிறது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொண்டு சும்மா கையை ஆட்டியிருக்கிறார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டு, நடுக் கச்சேரியில் மேடையை விட்டு இறக்கிவிட்டார்கள். அதனால் இந்த வருஷம் விழாக் குழுத் தலைவர் சாமிக்கண்ணு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மேடையில் கேட்பதெல்லாம் மேடையில் இருப்பவர்கள் கையால் வாசிப்பதாக இருக்கவேண்டும். பாட்டுகளையும் அவரே சொல்லியிருந்தார். எல்லாம் பழசு. பாதிக்கு மேல் ஆர்கன் முழங்குகிற பாட்டு.

ஆடி மாதத்தில் எந்தக் கீபோர்டுக்காரன் சும்மா இருப்பான்? கும்பகோணம், விருத்தாசலம் என்று ராசாங்கம் எல்லா ஊருக்கும் போன் போட்டுப் பார்த்துவிட்டார். ஒருத்தரும் கிடைக்கவில்லை. கச்சேரியையே வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிராதீங்கண்ணே" என்றாள் வெற்றிச்செல்வி. "மத்த வாத்தியத்த எல்லாம் விட்டுருவோம். அந்தப் பாட்டுக்கெல்லாம் உசுரு ஆர்கன்தான். அத நான் வாசிக்கிறேன்."

"ஒனக்குக் கீபோர்டு வராதேம்மா."

"கிட்டார்லதான்ணே."

கிட்டாரில் ஆர்கனா என்று ராசாங்கம் இரண்டு தடவை கேட்டார்.

வெற்றிச்செல்விக்குச் சொந்த ஊர் குன்னம் பக்கம். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். திருச்சியில் லேப் டெக்னீசியன் படிப்பு படித்தபோது, விடுதியில் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. "இத அங்க தூக்கிட்டுப் போனா எங்க மாமியா அடுப்புல வச்சிரும்" என்று சொல்லி அவள் ஒரு பழைய கிட்டாரை இவளிடம் விட்டுவிட்டுப் போனாள். சொல்லித்தர ஆளில்லை. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் வரும் கிட்டாரை மட்டும் காதால் பிரித்தெடுத்து, விரல் தோல் உரிய உரிய வாசித்துப் பழகினாள். படிப்பு முடிகிற நேரத்தில், வாசிப்பும் வந்திருந்தது.

கல்யாணம் ஆன புதிதில், ராசாங்கம் குழுவில் சேரப்போகிறேன் என்று அவள் சொன்னபோது சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவள் கணவன் மணிவேல் சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. அதிகம் பேசமாட்டான். அன்றைக்குப் பேசினான். "வெங்காயம் வெல இல்லாம, சேத்து வச்ச பட்டறைலயே அழுகுறப்ப ஒருத்தரும் வந்து என்னான்னு கேக்கல. இதுக்கு மட்டும் ஏன் எல்லாரும் வர்றீங்க?" அந்த வாரமே அவள் குழுவில் சேர்ந்தாள். அதிலிருந்து எந்த ஊரில் கச்சேரி என்றாலும் அவன்தான் பைக்கில் கூட்டிக்கொண்டு போவான். ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வறுத்த கடலையைக் கொறித்தபடி கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்பான்.

ஆனால் குழுவில் அவள் கிட்டார் பின்பாட்டு மாதிரிதான் இருந்தது. ராஜதுரை நிரப்பியது போக மிச்சமிருக்கிற இடத்தில் அவள் தட்டிக்கொண்டிருப்பாள். கேட்கிறவர்களுக்கு அது காதில் விழுந்ததா என்றே தெரியாது. அவளும் அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் ராசாங்கத்திடம் "நான் வாசிக்கிறேன்" என்று சொன்ன வேகத்தில், உள்ளே நெடுநாளாக எதுவோ காத்திருந்தது என்று அவளுக்கே தெரிந்தது.

வெறும் கிட்டாரில் ஆர்கன் சத்தம் வராது. அந்தக் காலத்துப் பாட்டுகளில் ஆர்கன் அப்படி அலை அலையாகக் கேட்டதற்குக் காரணம் ஆர்கன் மட்டும் இல்லை. அதன் சத்தம் ஒரு பெரிய மரப் பெட்டி வழியாக வந்தது. பெட்டிக்குள் மேலே ஒரு குழாய், கீழே ஓர் உருளை. இரண்டும் மோட்டாரில் சுற்றும். குழாய் நம்மைப் பார்த்துத் திரும்பும்போது சத்தம் நெருங்கி வரும், அந்தப் பக்கம் போகும்போது விலகும். மெதுவாகச் சுற்றினால் தாலாட்டு மாதிரி இருக்கும். வேகமாகச் சுற்றினால் மயிர்க்கூச்செறியும். இந்தச் சுழலும் ஸ்பீக்கரின் சத்தத்தை அப்படியே போலச் செய்யும் பெடல்கள் இப்போது கிட்டாருக்கென்றே வருகின்றன. காலால் மிதிக்கிற சின்ன டப்பா. கிட்டாரின் ஒயரை அதற்குள் விட்டு எடுத்தால் போதும்.

"அந்தப் பெட்டிய நான் பாத்துருக்கேன்" என்றார் ராசாங்கம், அவள் விளக்கியபோது. "ஸ்டூடியோவுல. பீரோ கணக்கா இருக்கும். நாலு பேரு தூக்கணும். அது டப்பாவுல வருதுங்கிற?"

"வருதுண்ணே. எது சரியா வருதுன்னுதான் தேடணும்."

தேடினாள். முதலில் அவளிடமே இருந்த, கிட்டார் சத்தத்தை மாற்றுகிற பழைய மிஷினில், பல எஃபெக்ட்டுகளுக்கு நடுவே சுழலும் ஸ்பீக்கர் என்று ஒன்று இருந்தது. வீட்டில் அதைப் போட்டு வாசித்தாள். மணிவேல் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"எப்படிங்க இருக்கு?"

"சின்னப் புள்ளைவ டேபிள் ஃபேனு முன்னாடி ஒக்காந்து 'ஆ'ன்னு கத்துமே, அப்படி இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சொன்னது சரி. அந்த மிஷின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்ததே தவிர, எதுவும் சுற்றவில்லை.

அடுத்து, அரியலூரில் ஒரு சர்ச்சில் வாசிக்கிற நண்பர் தன்னுடைய பெடலை இரவல் கொடுத்தார். ஹெட்போனில் கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தம் இடது காதில் புறப்பட்டு, தலைக்குப் பின்னால் வளைந்து, வலது காதில் வந்து சேர்ந்தது. இதுதான், இதற்குமேல் என்ன வேண்டும் என்று மறுநாளே ஜெயங்கொண்டத்துக்கு எடுத்துப் போனாள். அங்கே அய்யம்பெருமாள் இருக்கிறார். குழுவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர். அவருடைய கொட்டகையில் பெரிய பாக்ஸ்களில் சொருகி வாசித்துக் காட்டினாள்.

ஒன்றுமே இல்லை. சப்பென்று, ஈரத்துணியைப் போர்த்தினது மாதிரி ஒரு சத்தம்.

"நம்ம செட்டு எல்லாப் பாக்ஸுக்கும் ஒரே சத்தத்ததான் அனுப்பும் செல்வி" என்றார் அய்யம்பெருமாள். "இதுல எடது ஒண்ணு, வலது ஒண்ணு வருது. ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா ஒண்ண ஒண்ணு முழுங்கிருது. திருவிழாவுல நிக்கிற ஆளு ஹெட்போனா மாட்டிக்கிட்டு நிக்கப்போறான்?"

ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் உயிர் இல்லை. பெடலைத் துடைத்து, நன்றி சொல்லி, அரியலூரில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, வாய் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்ற பயம் முதல்முறையாக வந்தது.

பெடலில் எதைப் பார்க்கவேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது வேலை செய்யும் இடத்தில்தான். ரத்தக் குப்பிகளைச் சுற்றவிட்டுத் தெளிந்த நீரை மேலே பிரித்தெடுக்கிற மிஷின் ஒன்று அங்கே உண்டு. தினமும் அதோடுதான் குடித்தனம். அன்று பொத்தானை அழுத்திவிட்டு நின்றவள், ஏதோ தோன்றி, அதையே கேட்டாள். முதலில் அடித்தொண்டையில் ஒரு முனகல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஏறி, ஒரே சீரான ரீங்காரம். நிறுத்தினால் உடனே நிற்பதில்லை. ஏறினதைவிட நிதானமாக, இறங்கி இறங்கி ஓய்கிறது. எடை உள்ள பொருள் சுற்றுகிறதென்றால் அப்படித்தான் இருக்கும். இதுவரை அவள் கேட்டுப் பார்த்த இரண்டிலும் வேகம் சொடக்குப் போட்டது மாதிரி மாறியது. அந்தப் பொய்யை ஹெட்போனில் அவள் கவனிக்கவே இல்லை.

ஆக, மெதுவிலிருந்து வேகத்துக்கு ஏறுவது கேட்கவேண்டும். ஒரே பாக்ஸில் போட்டாலும் அலை சாகக்கூடாது. கோயில் மேடையில் செருப்பில்லாத வெறுங்காலால், சேலை கட்டிக்கொண்டு, வாசிப்பை நிறுத்தாமல் மிதிக்க முடியவேண்டும். இந்த மூன்றும் மனதில் திட்டமானதும் பயம் குறைந்தது. சனிக்கிழமை கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினாள்.

கடையில் லாவண்யா என்ற பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அவளும் வாசிக்கிறவள் என்பது அவள் ஒயரைச் சுருட்டின விதத்திலேயே தெரிந்தது. வெற்றிச்செல்வி சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, மூன்று பெடல்களைக் கொண்டுவந்து கண்ணாடி அறைக்குள் வைத்தாள்.

"இதுதான்க்கா இருக்கறதுலயே பெஸ்ட்டு" என்று பெரிய கறுப்பு பெடலைக் காட்டினாள். "எல்லாரும் இததான் கேட்டு வாங்குறாங்க."

அது பொய்யில்லை. கறுப்புப் பெடலில் சுற்றுகிற காற்றின் சத்தம்கூடக் கேட்டது. வேகம் அழகாக ஏறியது. ஆனால் மிதிக்கும் இரண்டு பொத்தான்களும் ஒட்டினாற்போல் இருந்தன. வெற்றிச்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தாள். ஒன்றை மிதித்தால் இரண்டும் அமுங்கின. இரண்டாவது, உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு டப்பா. சத்தம் பரவாயில்லை, ஆனால் வேகம் ஏறவில்லை, தாவியது. மூன்றாவது சாம்பல் நிறத்தில், பார்க்க ஒன்றும் கவர்ச்சியில்லாத ஒன்று. பொத்தான்கள் தள்ளித் தள்ளி இருந்தன. வேகம் ஏற எவ்வளவு நேரம், இறங்க எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகத் திருகி வைத்துக்கொள்ள முடிந்தது. கறுப்பின் நயம் அதில் இல்லை. கொஞ்சம் முரட்டுச் சத்தம்.

கறுப்பா, சாம்பலா? அவளுக்கு மனசு கறுப்பின் பக்கம்தான் சாய்ந்தது. பொத்தானைப் பழகிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தாள். அப்புறம் அந்தக் கண்ணாடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரெல்லாம் பஞ்சு. வெளியே போகிற பஸ்ஸின் சத்தம் ஒரு பொட்டுகூட உள்ளே வரவில்லை.

"லாவண்யா, ஒரு ஒதவி பண்ணும்மா. ஒரே ஒரு பாக்ஸ கடை வாசல்ல வச்சு, நீ வாசிக்கிறியா? நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்குறேன்."

லாவண்யா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்தாள். "யாருமே இப்படிக் கேட்டதில்லக்கா. இருங்க, ஓனர் சாப்புடப் போயிருக்காரு, இப்பவே வச்சிருவோம்."

வெற்றிச்செல்வி ரோட்டைக் கடந்து ஒரு பழச்சாறு கடையின் ஓரமாக நின்றாள். எதிரே லாவண்யா வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் கறுப்பு. பஸ்ஸும் ஆட்டோவும் போகிற இரைச்சலில், அறைக்குள் கேட்ட நயமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வெறும் கிட்டார் சத்தம் மட்டும் மெல்லிசாக வந்தது. லாவண்யா பெடலை மாற்றினாள். சாம்பல். அதன் அலை ஆட்டோ ஹாரனுக்கு மேலேயும் லாரி உறுமலுக்குக் கீழேயும் புகுந்து ரோட்டைக் கடந்து வந்தது. லாவண்யா பொத்தானை மிதித்தாள். வேகம் ஏறுவது இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

பக்கத்தில் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, எதுத்தாப்புல ஆர்கன் எறக்கிருக்காங்களா?"

"ஆமாங்கண்ணே" என்றாள் வெற்றிச்செல்வி. முகமெல்லாம் சிரிப்பு. "அது எனக்குத்தான்."

சாம்பல் நிறப் பெடல் அன்று மாலை ஜெயங்கொண்டம் போய்ச் சேர்ந்தது. ஆனால் மறுநாள் ஒத்திகையில் ராசாங்கம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தப்பா நெனைக்காத செல்வி. கிட்டாரு நல்லா சுத்துது. ஆனா அது கிட்டாராத்தான் இருக்கு. ஆர்கன் இல்ல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. குற்றம் பெடலில் இல்லை, தன் கையில் இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. கிட்டார் கம்பியைத் தட்டினதும் 'டங்' என்று ஓர் அடி விழும், பிறகுதான் நாதம். ஆர்கனில் அடி கிடையாது. நாதம் சும்மா வந்து நிற்கும். அந்த 'டங்' இருக்கிற வரைக்கும் எந்தப் பெடலும் அதை ஆர்கன் ஆக்காது.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் வெங்காயப் பட்டறைப் பக்கமிருந்த அறையில் உட்கார்ந்துவிடுவாள். கம்பியைத் தட்டப் பிடிக்கிற பிளாஸ்டிக் வில்லையைத் தூக்கிப்போட்டாள். விரல் நுனிகளால் மூன்று கம்பியை ஒருசேரத் தொட்டாள். தொடும்போது கிட்டாரின் சத்தத் திருகு பூஜ்யத்தில் இருக்கும். தொட்ட உடனே சுண்டுவிரலால் அதைத் திருகி மேலே கொண்டுவருவாள். அடி விழுந்தது யாருக்கும் கேட்காது. நாதம் மட்டும் எழும். சொல்வதற்குச் சுலபம். பாட்டின் ஓட்டத்தில் ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரல் தனியாக வேலை செய்ய மறுத்தது. மணிக்கட்டு வலித்தது. அதோடு பெடலையும் முன்கூட்டியே மிதிக்கவேண்டியிருந்தது. உச்சத்துக்குப் போன பிறகு மிதித்தால் வேகம் ஏறி வருவதற்குள் அந்த இடமே தாண்டிப் போய்விடும். வரப்போகிறது என்று தெரிந்து அதற்கு முந்தின தாள அடியிலேயே மிதிக்கவேண்டும். விரல் ஒரு இடத்திலும் கால் அதற்கு அடுத்த இடத்திலும் இருக்கவேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் மணிவேல் வெங்காயத்துக்கு மேல் கீற்றைச் சரி செய்துகொண்டிருந்தான். திடீரென்று வேலையை நிறுத்தினான். அறை வாசலுக்கு வந்து நின்றான்.

"இப்பதான் செல்வி அது மூச்சு வுடுது."

அடுத்த ஒத்திகையில் ராசாங்கம் பாட்டின் நடுவில் வாய் பிளந்து நின்றுவிட்டார்.

"பாடுங்கண்ணே, நிறுத்தாதீங்க!" என்று சத்தம் போட்டாள் வெற்றிச்செல்வி.

வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலை ஒட்டின பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. பொழுது சாய்ந்த உடனேயே ஜனம் பாயோடும் பிள்ளைகளோடும் வந்து உட்கார்ந்துவிட்டது. பின்னால் பைக்குகளில் சாய்ந்தபடி இளவட்டங்கள். முன்வரிசையில், நடு நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு சாமிக்கண்ணு. எப்போதும் கீபோர்டு நிற்கிற இடம் காலியாக இருந்தது. ராசாங்கம் வெற்றிச்செல்வியை அங்கே வந்து நிற்கச் சொன்னார்.

பக்திப் பாட்டுகள் முடிந்து, சாமிக்கண்ணு கேட்டிருந்த பழைய பாட்டுகளுக்கு வந்தார்கள். ராசாங்கம் பல்லவியைப் பாடி நிறுத்தினார். இடையிசை. வெற்றிச்செல்வி கம்பிகளைத் தொட்டாள், சுண்டுவிரல் திரும்பியது, பாக்ஸ்களிலிருந்து ஆர்கன் எழுந்தது. மெதுவாக, நெருங்கியும் விலகியும் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. அவள் பொத்தானை மிதித்தாள். நாதம் வேகம் பிடித்து ஏறியது. பைக்கில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

சாமிக்கண்ணு எழுந்தார். நேராக மேடைக்கு வந்து படியேறினார். மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், திரைச்சீலையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு ராசாங்கத்தின் கையிலிருந்த மைக்கை வாங்கினார். பாட்டு நின்றது.

"கீபோர்டையே காணோம். ஆர்கன் மட்டும் எங்கேருந்து வருது? கம்ப்யூட்டர எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

கூட்டத்தில் சலசலப்பு. "போன வருசம் மாதிரியேவா!" என்று ஒரு குரல். ராசாங்கத்துக்கு வேர்த்துவிட்டது.

வெற்றிச்செல்வி தன் முன்னால் இருந்த மைக்குக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் மேடையில் அவள் பேசினதே இல்லை.

"ஐயா, கம்ப்யூட்டர் ஒண்ணும் இல்லீங்க. இப்படி வாங்க. எங் கையையும் பாருங்க, கீழ இருக்க டப்பாவையும் பாருங்க."

அவர் வந்தார். அவள் மூன்று கம்பியைத் தொட்டாள், ஆர்கன் எழுந்தது. கையால் கம்பியை மூடினாள், அமைதி. மறுபடி தொட்டாள், மறுபடி எழுந்தது.

"இப்ப நான் வாசிச்சுக்கிட்டே இருக்கேன். ஒங்களுக்கு எப்ப வேகம் வேணுமோ அப்ப நீங்க கையத் தூக்குங்க. போதும்னா எறக்குங்க. கம்ப்யூட்டருக்கு ஒங்க கை தெரியாதுல்ல?"

சாமிக்கண்ணு யோசித்தார். கூட்டம் அடங்கியது. அவள் வாசித்தாள், மெதுவான அலை. அவர் சந்தேகத்தோடு வலது கையைத் தூக்கினார். அவள் வெறுங்கால் பொத்தானில் பதிந்தது. நாதம் ஏறத் தொடங்கி, ஏறி, சுழன்றது. அவர் கையை இறக்கினார். அது தணிந்து, தணிந்து, தாலாட்டானது. மறுபடி தூக்கினார். மறுபடி ஏறியது. இந்தத் தடவை இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அவர் முகத்தில் சந்தேகம் போய், ராட்டினத்தில் ஏறின பிள்ளையின் சந்தோஷம் வந்துவிட்டது. இறக்கவே மனசில்லாமல் நின்றார்.

மைதானம் ஆர்ப்பரித்தது. பாயில் இருந்த பிள்ளைகளெல்லாம் எழுந்து கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார்கள். சாமிக்கண்ணு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"கம்ப்யூட்டர் இல்லப்பா! நம்ம புள்ள கையால வாசிக்குது! நான்தான் தப்பா நெனச்சுட்டேன்." பிறகு ராசாங்கத்திடம் திரும்பி, "பாட்ட நிறுத்திட்டேன், மன்னிச்சுக்கங்க. மொதல்லேருந்து பாடுங்க. அந்த ஆர்கன் வர்ற எடத்த மட்டும் ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லுங்க."

பல்லவியிலிருந்து தொடங்கினார்கள். ராசாங்கம் அன்றைக்குப் பாடினது மாதிரி அதற்கு முன்னால் பாடியதில்லை என்று குழுவில் எல்லாரும் சொன்னார்கள். இடையிசை வந்தபோது கூட்டமே அமைதியாகிக் கேட்டது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மணிவேல் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்க மறந்து கையில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணைத் துடைத்ததை அய்யம்பெருமாள் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி ஒலிபெருக்கி மிக்சரில் எதையோ திருகிக்கொண்டார்.

அந்த இடத்தை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். சாமிக்கண்ணு கையைத் தூக்குவதும் ஆர்கன் ஏறுவதுமாக அது உடையார்பாளையம், செந்துறை என்று ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. பரிசோதனை நிலையத்துக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டே, "அந்த ஆர்கன் அக்கா நீங்கதானா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்குக் கச்சேரி பேச வந்தவர்கள் ராசாங்கத்திடம் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா வருவாங்கல்ல?"

வேறு கீபோர்டுக்காரர் இப்போது குழுவில் சேர்ந்திருக்கிறார். நல்ல வாசிப்புக்காரர். வயலின், புல்லாங்குழல் எல்லாம் அவர் பொறுப்பு. ஆர்கன் வருகிற இடங்களில் அவர் தானாகவே கையை எடுத்துக்கொண்டு வெற்றிச்செல்வி பக்கம் திரும்பிப் புன்னகை செய்வார்.

போன மாதம் அரியலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபம் நிறைந்திருந்தது. ராசாங்கம் இரண்டு பாட்டு பாடி முடித்துவிட்டு, மைக்கைப் பிடித்து, "அடுத்தது பாட்டு இல்லைங்க. எங்க வெற்றிச்செல்வி தனியா வாசிக்கப்போறாங்க" என்றார். சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, துண்டை மடியில் வைத்து, ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்தார்.

வெற்றிச்செல்வி மேடை நடுவில் வந்து நின்றாள். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வலது காலைப் பெடல்மேல் லேசாக வைத்தாள். கூட்டத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள்.